எல்.பி.டி. பதித்த ஈ.கோலை சுத்தக் கரைசலில் டெர்பியத்தைப் பிடிக்கிறது, சாம்பல் லீச்சேட்டில் (சாம்பலை அமிலத்தில் கரைத்து வடித்த நீர்) பிடிக்கவில்லை. எங்கே தவறு?

சாம்பல்நீர் கேட்டது:

வணக்கம். நிலக்கரிச் சாம்பலில் இருந்து அருமண் தனிமங்களை (டெர்பியம், நியோடிமியம் போன்ற லாந்தனைடுகள்) மீட்கும் வேலை. பயன்படுத்துவது, செல்லின் வெளிப்புறத்தில் லாந்தனைடு பிடிக்கும் பெப்டைடை (எல்.பி.டி.) நீட்டிக் காட்டும்படி மரபணு மாற்றிய ஈ.கோலை. ஓம்ப்-ஏ என்ற வெளிச்சவ்வுப் புரதத்தோடு 8 எல்.பி.டி. பிரதிகள் வரிசையாக இணைந்திருக்கின்றன, தூண்டுவது அரபினோஸ்.

செய்முறை இதுதான். செல்களை எல்.பி. என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புநீர்) பஃபரில் ஒரு முறை கழுவி, ஓ.டி. (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 1 அளவுக்குக் கலக்கி, 50 மைக்ரோமோலார் டெர்பியம் குளோரைடில் 2 மணி நேரம் வைத்தால் தெளிநீரில் இருந்து சுமார் 60 விழுக்காடு டெர்பியம் காணாமல் போகிறது. அளப்பது, உலோகத்தோடு சேர்ந்தால் நிறம் மாறும் ஆர்சனசோ 3 சாயத்தால்.

சாம்பல் விஷயம் வேறு மாதிரி. 10 கிராம் சாம்பலை 100 மிலி 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றி பிஹெச் 6-க்குக் கொண்டுவந்து செல்களைச் சேர்த்தால், தெளிநீரில் அருமண் எதுவுமே மிஞ்சுவதில்லை. முதலில் முழுவதும் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஆனால் செல்களை 5 மில்லிமோலார் சிட்ரேட்டில் கழுவினால் திரும்பி வருவது ஏறக்குறைய பூஜ்யம். பிஹெச் 3-இல் செய்து பார்த்தால் செல்கள் எதையுமே பிடிப்பதில்லை.

எல்.பி.டி. வேலை செய்யவில்லையா, அல்லது லீச்சேட்டில் கோளாறா? எதை முதலில் சோதிக்க வேண்டும்?

---

மோல்கணக்கு பதில்:

லீச்சேட்டை ஒரு பக்கம் வையுங்கள். சுத்தக் கரைசல் முடிவிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உலோக அயனி உட்காரும் இடங்களை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

ஓ.டி. 1-இல் ஈ.கோலை லிட்டருக்கு சுமார் 8 × 10^11 செல்கள். ஒரு செல்லில் நீங்கள் புகுத்திய ஓம்ப்-ஏ இணைப்பு 50,000 இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் 8 பிரதிகள் என்றால் செல்லுக்கு 4 லட்சம் இடங்கள். பெருக்கினால் லிட்டருக்கு 3.2 × 10^17 இடங்கள். அவகாட்ரோ எண்ணால் வகுத்தால் சுமார் 0.53 மைக்ரோமோலார். ஒவ்வொரு எல்.பி.டி.-யும் ஒழுங்காக மடிந்து, ஒவ்வொன்றிலும் ஓர் அயனி உட்கார்ந்தாலும் அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்ததோ 50-இல் 60 விழுக்காடு, அதாவது 30 மைக்ரோமோலார். எல்.பி.டி.-யின் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு. அப்படியானால் அந்த 30-ஐப் பிடித்தது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ இரண்டு. ஒன்று, செல்லின் இயல்பான மேற்பரப்பு. லிப்போபாலிசாக்கரைடின் பாஸ்பேட்டுகளும் புரதங்களின் கார்பாக்சில்களும் சேர்ந்து, உலர் எடை கிராமுக்கு 100 மைக்ரோமோல் என்ற அளவில் லாந்தனைடுகளைப் பிடிக்கும். ஓ.டி. 1 என்றால் உலர் எடை லிட்டருக்கு 0.35 கிராம் அளவு. அதாவது சுமார் 35 மைக்ரோமோலார். உங்கள் 30 இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மரபணு மாற்றாத ஈ.கோலையும் இதே அளவு பிடிக்கும்.

இரண்டாவது, பி.பி.எஸ். அதில் 10 மில்லிமோலார் பாஸ்பேட் இருக்கிறது. லாந்தனைடு பாஸ்பேட்டுகள் நீரில் கரைவது மிக மிக அரிது. கழுவிய பெல்லெட்டில் (சென்ட்ரிபியூஜில் அடியில் படியும் செல்கட்டி) ஒரு துளி பி.பி.எஸ். ஒட்டியிருந்தாலே, 50 மைக்ரோமோலார் டெர்பியத்தில் கணிசமான பகுதி பாஸ்பேட்டாக விழுந்துவிடும். சென்ட்ரிபியூஜில் அது செல்லோடு சேர்ந்து அடியில் போய் உட்காரும். பார்ப்பதற்குச் செல் பிடித்தது போலவே இருக்கும். எம்9 ஊடகத்தில் வளர்த்தவர்களுக்கு இது இன்னும் மோசம், அதில் பாஸ்பேட் 70 மில்லிமோலார் அளவு.

ஆகவே இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

கழுவுவதற்கு 10 மில்லிமோலார் எம்.ஈ.எஸ். (பாஸ்பேட் இல்லாத பஃபர்), 10 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஹெச் 6. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பெல்லெட்டை முழுவதும் கலைத்துவிட்டுக் கழுவவேண்டும். சேரும் நேரம் 2 மணி தேவையே இல்லை, 15 முதல் 30 நிமிடம் போதும். நேரம் கூடக்கூட செல்கள் தங்கள் உள்ளிருக்கும் பாஸ்பேட்டைக் கசியவிடும்.

ஒப்பீட்டுக்கு மூன்று குழாய்கள் கட்டாயம்: எல்.பி.டி. இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் கொண்ட அதே திரிபு; செல்லே இல்லாமல் உலோகமும் பஃபரும் மட்டும்; கடைசிக் கழுவல் நீரில் கரைத்த உலோகம். மூன்றாவதில் உலோகம் குறைந்தால் பாஸ்பேட் இன்னும் போகவில்லை என்று பொருள். இரண்டாவதில் குறைந்தால் குழாய் அதை உறிஞ்சுகிறது. பிஹெச் 6-க்கு மேல் கண்ணாடி லாந்தனைடுகளைப் பிடித்துக்கொள்ளும், பாலிபுரோபிலீனுக்கு மாறுங்கள்.

எல்.பி.டி. மட்டும் எவ்வளவு பிடிக்கிறது என்று அறிய டெர்பியத்தின் ஒளிர்வைவிட நல்ல வழி கிடையாது. பெப்டைடில் உள்ள டிரிப்டோபேன் 280 நானோமீட்டர் ஒளியை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டெர்பியத்துக்குக் கடத்துகிறது. அது 544-இல் பச்சையாக ஒளிர்கிறது. செல் மேற்பரப்பில் எங்கோ ஒட்டியிருக்கும் டெர்பியத்தின் ஒளிர்வு இதன் பக்கத்தில் நிற்காது. செல் கலங்கலாக இருப்பதால் சிதறும் 280 நானோமீட்டர் ஒளியின் இரண்டாம் படி 560-இல் வந்து 544-ஐ மூடும். அதற்கு 315 நானோமீட்டர் வெட்டு வடிகட்டி போடுங்கள், அல்லது 100 மைக்ரோசெகண்ட் தாமதம் விட்டு அளக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். டெர்பியம் மில்லிசெகண்ட் கணக்கில் ஒளிர்வதால் தாமதம் விட்டாலும் சமிக்ஞை தங்கும்.

ஓ.டி. 0.2 செல்களில் டெர்பியத்தை 0.05 மைக்ரோமோலார் படிகளாக 1 வரை ஏற்றுங்கள். கோடு எங்கே படுக்கிறதோ அதுதான் உங்கள் உண்மையான இடங்களின் எண்ணிக்கை. ஒற்றை எல்.பி.டி. டெர்பியத்தைப் பிடிக்கும் பலம் (பாதி இடங்கள் நிரம்பும் செறிவு) சுமார் 57 நானோமோலார், ஆகவே இந்த வீச்சில் தெளிவான வளைவு வரவேண்டும். வரவில்லை என்றால் புரதம் வெளியே வரவில்லை. அரபினோஸைக் கூட்டுவது தீர்வு ஆகாது. அதிகம் தூண்டினால் வெளிச்சவ்வு தாங்காமல் செல் உடையும், டி.என்.ஏ. கொட்டி பெல்லெட் கோழை போல இழுபடும். தூண்டும்போது வெப்பத்தை 37-இல் இருந்து 25–30 டிகிரிக்கு இறக்கிப் பாருங்கள்.

---

வீழ்படிவு பதில்:

மேல சொன்னது எல்லாம் சரி. நான் லீச்சேட் பக்கம் மட்டும் பேசறேன்.

பிஹெச் 6-ல அருமண் "காணாமல் போனது" செல்லால இல்ல. செல்லே போடாம அதே லீச்சேட்டை பிஹெச் 6-க்கு ஏத்தி வடிகட்டி அளந்து பாருங்க, அப்பவும் பூஜ்யம்தான் வரும்.

சாம்பல்ல அருமண் கிலோவுக்கு சில நூறு மில்லிகிராம். 400-ன்னு வச்சா 10 கிராம்ல 4 மில்லிகிராம். மூணுல ஒரு பங்கு கரைஞ்சாக்கூட 100 மிலியில லிட்டருக்கு 13 மில்லிகிராம், ஏறக்குறைய 90 மைக்ரோமோலார். அதே சாம்பல்ல அலுமினியம் எடையில பத்து விழுக்காட்டுக்கு மேல. அதுல பத்துல ஒரு பங்கு கரைஞ்சாலே 40, 50 மில்லிமோலார் வந்துடும். அதாவது ஒரு அருமண் அயனிக்கு 500 அலுமினியம். இரும்பு தனி.

இந்தக் கலவையில காஸ்டிக் சோடாவை (சோடியம் ஹைட்ராக்சைடு) ஊத்தினா முதல்ல பிஹெச் 3 பக்கத்துல இரும்பு துரு நிறத்துல விழும். 4-ல இருந்து 5-க்குள்ள அலுமினியம் வரும். வெள்ளையா, கொழகொழன்னு, குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டு, வடிகட்டித் தாளை ரெண்டு நிமிஷத்துல அடைச்சுடும். அந்த ஜெல் 5-க்கு மேல அருமண்ணை வாரிச் சுருட்டிக்கும். சாம்பல்ல இருந்து வந்த பாஸ்பேட் மிச்சத்தைப் பார்த்துக்கும். நீங்க செல் போடறதுக்கு முன்னாடியே கதை முடிஞ்சுடுது. 5 மில்லிமோலார் சிட்ரேட், 50 மில்லிமோலார் அலுமினியத்துக்கு நடுவுல போய் நின்னா யாரைப் பிடிக்கும்? அலுமினியத்தைத்தான். அருமண் ஜெல்லுக்குள்ளயே தங்கிடும்.

இன்னொண்ணு: சிட்ரேட் கழுவல் நீரை ஆர்சனசோவால அளந்தீங்கன்னா அந்த எண்ணை நம்பாதீங்க. சிட்ரேட் சாயத்தோட போட்டி போட்டு உலோகத்தைத் தன் பக்கம் வச்சுக்கும், அளவு குறைச்சுக் காட்டும். ஸ்டாண்டர்டுகளையும் அதே சிட்ரேட் அளவுல போட்டாத்தான் ஒப்பிட முடியும். லீச்சேட்லயோ நேரெதிர், இரும்பும் கால்சியமும் தோரியமும் நிறம் கொடுத்துக் கூட்டிக் காட்டும். சுத்தக் கரைசலுக்கு மட்டும் ஆர்சனசோ, மத்ததுக்கு ஐசிபி-எம்எஸ் (தனிமங்களை அணு நிறையால பிரிச்சு அளக்கற கருவி).

இரும்பை எடுக்கணும்னா 60 டிகிரி சூட்டுல வச்சு, 3.2-ல இருந்து 3.5 வரைக்கும் பிஹெச் போய் நிக்கற மாதிரி நீர்த்த காரத்தைச் சொட்டுச் சொட்டா விடுங்க, நல்லா கலக்கிக்கிட்டே. அவசரப்பட்டு கெட்டியான சோடாவை ஊத்தினா, துளி விழற இடத்துல மட்டும் பிஹெச் 10-க்குப் போகும்; அங்க அருமண் ஹைட்ராக்சைடா விழுந்து இரும்புச் சேற்றுக்குள்ள புதைஞ்சுடும், அப்புறம் திரும்பக் கரையவே கரையாது. இரும்பு ரெண்டு ஏற்றத்துல (ஃபெரஸ்) இருந்தா இந்த பிஹெச்-ல விழாது, முதல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு மூணுக்கு (ஃபெரிக்) ஏத்தணும். 3.5-ல அருமண் இழப்பு சொற்பம், ஏன்னா இரும்பு ஆக்சைடோட மேற்பரப்பும் அருமண்ணும் ரெண்டுமே நேர்மின்னேற்றம், ஒட்டாது. தோரியம் மட்டும் இந்தச் சேற்றோட போகும். அதனால அந்தச் சேற்றைச் சாதாரணக் கழிவுன்னு கொட்டாம கதிரியக்கம் அளந்து வைக்கணும்.

கந்தக அமிலத்துல லீச் பண்றவங்களுக்குத் தனியா ஒரு எச்சரிக்கை. சல்பேட் இருக்கற இடத்துல சோடியம் ஹைட்ராக்சைடு போட்டா, லாந்தனம்ல இருந்து நியோடிமியம் வரைக்கும் லேசான அருமண் எல்லாம் சோடியம் இரட்டை சல்பேட்டா விழும். வெள்ளைப் பொடி, சூடாக்கினா இன்னும் கூட விழும். ஜிப்சம்னு நினைச்சு வீசிடுவாங்க. சல்பேட் கரைசலா இருந்தா மெக்னீசியம் ஆக்சைடால நடுநிலையாக்குங்க.

அலுமினியத்துக்கு எங்கிட்ட நல்ல வழி இல்ல. 4.5-ல நிறுத்தினா பாதி அலுமினியம் கரைசல்ல மிஞ்சும், 5-க்குப் போனா அருமண் போகும். அதனாலதான் இந்த லீச்சேட்டுக்கு எல்.பி.டி. செல்லே தப்பான கருவின்னு எனக்குப் படுது. அதுக்கு 5–6 பிஹெச் வேணும், உங்க கரைசல் அந்த இடத்துல நிக்காது.

---

சாம்பல்நீர்:

செல் இல்லாத கண்ட்ரோல் செய்தேன். நீங்கள் சொன்னபடியே, பிஹெச் 6-இல் வடிகட்டியதும் அருமண் எல்லாம் வடிகட்டித் தாளில்தான். மிக்க நன்றி.

அடுத்து மூன்று கேள்விகள். பிஹெச் 3-லேயே பிடிக்கும் லான்மாடுலின் என்ற புரதம் இதற்குப் பொருந்துமா? அமிலத்துக்குப் பதில் குளுக்கோனோபாக்டர் என்ற பாக்டீரியாவால் கரைக்கலாமா? பழைய ஹார்ட் டிஸ்க் காந்தங்களும் இருக்கின்றன, அவற்றுக்கு இதே முறை ஆகுமா?

---

நான்காம்கை பதில்:

பொருந்தும். உங்கள் லீச்சேட்டுக்கு நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

லான்மாடுலினை 2018-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கொட்ரூவோ குழு அறிவித்தது. மெத்தனாலில் வளரும் மெத்திலோபாக்டீரியம் எக்ஸ்டார்குவன்ஸ் இயல்பாகவே உண்டாக்கும் புரதம் இது, எடை சுமார் 12 கிலோடால்டன். கால்சியம் பிடிக்கும் புரதங்களில் உள்ளதைப் போன்ற நான்கு ஈ.எஃப். கைகள் (உலோக அயனியைப் பிடிக்கும் மடிப்புகள்) இதில் உண்டு. மூன்று லாந்தனைடை மிக இறுக்கமாகப் பிடிக்கின்றன, நான்காவது தளர்வு. கால்சியத்தைவிட லாந்தனைடின் மேல் சுமார் 10 கோடி மடங்கு நாட்டம். பிஹெச் 2.5 அளவுக்கு இறங்கும் வரை விடாது. அலுமினியம் ஜெல்லாக மாறாத பிஹெச்-லேயே வேலையை முடித்துவிடலாம் என்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம்.

புரதத்தை ஈ.கோலைக்குள் உற்பத்தி செய்து சுத்தம் செய்யுங்கள். வால் முனையில் ஒரு சிஸ்டீன் சேர்த்து வடிவமைத்தால், மாலியிமைடு (கந்தகத்தோடு பிணையும் வேதிக்குழு) ஏற்றிய அகரோஸ் மணிகளில் அந்தச் சிஸ்டீனின் தயோல் (கந்தகக் குழு) வழியாக ஒரே திசையில் ஒட்டலாம். ஒட்டும் பஃபர் பிஹெச் 7-ஐ ஒட்டி இருக்கவேண்டும். 8-ஐத் தாண்டினால் மாலியிமைடு நீராற்பகுப்பாகி வீணாகும், லைசின்களோடும் ஒட்டத் தொடங்கும். ஒட்டுவதற்கு முன் டைசல்பைடை (இரண்டு சிஸ்டீன்களுக்கு இடையிலான பிணைப்பு) உடைக்க டி.சி.ஈ.பி. என்ற வேதிப்பொருளைப் போட்டால், அதை நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.

ஓட்டும் முறை: புரதம் ஒட்டிய அந்த அகரோஸ் ஜெல்லைக் குழாயில் நிரப்பி, பிஹெச் 3-இல் 10 மில்லிமோலார் கிளைசின் பஃபரால் சமப்படுத்துங்கள். லீச்சேட்டையும் அதே பிஹெச் 3-க்குக் கொண்டுவந்து, ஓரிரவு நிற்கவிட்டு, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தபின் மெதுவாக ஏற்றுங்கள். ஓரிரவு நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இரும்பு. பிஹெச் 3-இல் இரும்பு உடனே விழாது, மணிக்கணக்கில் விழும். நிறுத்தாமல் ஏற்றினால் குழாய்க்குள் போய் விழும். ஜெல்லின் மேல் விளிம்பில் ஆரஞ்சு வளையம் தெரிந்தால் அதுதான். சிலிக்காவும் இப்படித்தான் தாமதமாகக் கெட்டியாகும், அது ஜெல்லுக்குள் விழுந்தால் அந்தக் குழாயைக் காப்பாற்ற முடியாது. ஏற்றியபின் அதே பஃபரால் ஜெல் அளவைப் போல் 10 மடங்கு கழுவி, பிறகு 30 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால், அதாவது பிஹெச் 1.5-இல், இறக்குங்கள். ஒரே அடியாக இறக்காமல் பிஹெச்-ஐப் படிப்படியாகக் குறைத்தால், கனமான அருமண்கள் முதலிலும் லேசானவை பிறகும் வரும், ஏனென்றால் இந்தப் புரதத்துக்கு லாந்தனம் முதல் சமேரியம் வரைதான் அதிக நாட்டம்.

கொள்ளளவைப் பற்றித் தெளிவாக இருங்கள். 1 கிராம் புரதம் 83 மைக்ரோமோல். கைக்கு ஒன்றாக மூன்று அயனிகள் என்பது உச்சவரம்பு. இந்த பிஹெச்-இல் புரதத்துக்கு இரண்டு என்று வைத்தே திட்டமிடுங்கள். அப்போது ஒரு சுற்றுக்கு 167 மைக்ரோமோல். நியோடிமியமாகச் சொன்னால் 24 மில்லிகிராம். உங்கள் 90 மைக்ரோமோலார் லீச்சேட்டில் இரண்டு லிட்டர்கூடத் தாண்டாது. ஆகவே இதன் பொருளாதாரம் முழுக்க, அதே ஜெல்லை எத்தனை முறை திரும்ப ஓட்ட முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. புரதம் அமிலத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். குழாய் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேலே சொன்ன இரும்பும் சிலிக்காவும்தான்.

ஜெல்லுக்குப் பதில் செல்லையே மணிக்குள் அடைக்க நினைத்தால், கால்சியம் ஆல்ஜினேட்டை மட்டும் தொடாதீர்கள். ஆல்ஜினேட்டே அருமண்ணைப் பிடிக்கும், அதனால் எது பிடித்தது என்று தெரியாது. சிட்ரேட் ஊற்றினால் கால்சியம் உருவப்பட்டு மணி கரைந்துபோகும். எல்.பி.டி. ஈ.கோலையை லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார் அடைத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட் மணிகளில். உலோகத்தைப் பிடிக்காத, சிட்ரேட்டில் கரையாத பொருள் என்பதால் அந்தத் தேர்வு சரியானது.

---

ஆறாம்கார்பன் பதில்:

குளுக்கோனோபாக்டர் பற்றி.

இது உலோகத்தைப் பிடிப்பதற்கு அல்ல, கரைப்பதற்கு. குளுக்கோனோபாக்டர் ஆக்ஸிடான்ஸின் சவ்வில், பி.கியூ.கியூ. என்ற துணைக்காரணியோடு வேலை செய்யும் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் இருக்கிறது. அது குளுக்கோஸைச் செல்லுக்குள் இழுக்காமலேயே குளுக்கோனிக் அமிலமாக்கி வெளியே விடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பஸ் பார்ஸ்டோ குழு பி58 திரிபின் மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குலைத்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 304 மரபணுக்கள் அமில உற்பத்தியை மாற்றுவது தெரிந்தது. பி.கியூ.கியூ. உற்பத்தியையோ அந்த டிஹைட்ரஜனேஸையோ குலைத்தால் கரைக்கும் திறன் ஏறக்குறைய அற்றுப்போகிறது. பாஸ்பேட் கடத்தி மரபணுக்களைக் குலைத்தால் 18 விழுக்காடு வரை கூடுகிறது. பாஸ்பேட் பற்றாக்குறை என்று செல் எண்ணிக்கொண்டு அமிலத்தை அதிகம் விடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் உங்கள் சாம்பலுக்கு முதலில் அமிலக் கணக்கு. லிட்டருக்கு 40 கிராம் குளுக்கோஸ் முழுவதும் மாறினால் 0.22 மோலார் குளுக்கோனிக் அமிலம், பிஹெச் 2.3 அளவு. 100 மிலியில் 22 மில்லிமோல். சாம்பல் சுண்ணாம்பு மிகுந்த வகையாக இருந்து, கால்சியம் ஆக்சைடு 20 விழுக்காடு என்றால், நீங்கள் போடும் 10 கிராமில் 2 கிராம் சுண்ணாம்பு. அதை நடுநிலையாக்கவே 71 மில்லிமோல் அமிலம் வேண்டும். இருப்பது 22. பிஹெச் சட்டென்று ஏறி, கரைந்த கொஞ்சமும் திரும்ப விழுந்துவிடும். 100 மிலிக்கு 1 கிராமுக்கு மேல் போடாதீர்கள். சுண்ணாம்பு குறைந்த சாம்பலில் அமிலம் மிஞ்சும், ஆனால் அருமண் அலுமினோசிலிக்கேட் கண்ணாடிக்குள் சிறைப்பட்டிருக்கும், குளுக்கோனிக் அமிலம் அந்தக் கண்ணாடியை உடைக்காது. எந்த வகை என்று தெரியாமல் தொடங்கவே வேண்டாம்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை: செல்லை வளர்த்த ஊடகத்தோடு சாம்பலைக் கலக்காதீர்கள், ஈஸ்ட் சாற்றில் பாஸ்பேட் உண்டு. செல்லைப் பிரித்து உப்புநீரில் இரண்டு முறை கழுவி, வெறும் குளுக்கோஸ் கரைசலில் போட்டு 30 டிகிரியில் ஆட்டுங்கள். வளராமலேயே அமிலம் சுரக்கும். குடுவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஒரு மோல் குளுக்கோஸுக்கு அரை மோல் ஆக்சிஜன் தேவை, பிஹெச் 3-இல் முட்டி நின்றால் பெரும்பாலும் காற்றுப் பற்றாக்குறைதான். குளுக்கோஸ் தீர்ந்தபின்னும் விட்டுவைத்தால் குளுக்கோனேட்டையே கீட்டோ அமிலங்களாக ஆக்ஸிகரிக்கத் தொடங்கும். 24 முதல் 48 மணிக்குள் செல்லை வடிகட்டி எடுத்துவிட்டு, தெளிந்த அமிலத்தை மட்டும் சாம்பலோடு சேருங்கள்.

பிறகு லான்மாடுலின் குழாய்க்கு அனுப்புவதில் சிரமம் இல்லை. பிஹெச் 3-இல் குளுக்கோனிக் அமிலத்தின் பெரும்பகுதி அயனியாகாமல் இருப்பதால் உலோகத்துக்குப் போட்டியிடாது. செலவில் கனமானது குளுக்கோஸ்தான், அதைக் குறைக்கும் வழி தெரியாமல் பெரிய அளவுக்குப் போகாதீர்கள்.

---

வீழ்படிவு:

காந்தத்துக்கு இந்த முறை வேண்டாம். நியோடிமியம் காந்தத்துல எடையில 30 விழுக்காடு அளவு அருமண், 65 விழுக்காட்டுக்கு மேல இரும்பு. 1 கிராமை 20 மிலி 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல கரைச்சா நியோடிமியம் 100 மில்லிமோலார். மேல மோல்கணக்கு போட்ட கணக்குப்படி, ஓ.டி. 10 செல்லோட எல்.பி.டி. பிடிக்கறது 5 மைக்ரோமோலார். இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். செல்லும் புரதமும் நீர்த்த கரைசலுக்கானது. இவ்வளவு கெட்டியா இருக்கறதுக்கு நேரா ஆக்சாலிக் அமிலம்தான்.

கரைக்கறப்ப 1 கிராமுக்கு 350 மிலி அளவு ஹைட்ரஜன் வரும், மூடின பாத்திரத்துல பண்ணாதீங்க. கரைஞ்ச இரும்பு ரெண்டு ஏற்றத்துல இருக்கும். அப்படியே ஆக்சாலிக் அமிலம் விட்டா பளிச்சுன்னு மஞ்சளா ஃபெரஸ் ஆக்சலேட் விழும், நியோடிமியம் ஆக்சலேட்டோட வெளிர் ஊதா நிறமே தெரியாது. 30 விழுக்காடு பெராக்சைடு கணக்குப்படி 0.6 மிலி, வீணாகறதுக்கும் சேர்த்து 1 மிலி, சொட்டுச் சொட்டா விட்டு இரும்பை மூணுக்கு ஏத்துங்க. கரைசல் கொதிக்கற மாதிரி சூடாகும். அப்புறம் ஃபெரிக் இரும்பு ஆக்சலேட்டோட கரையற கூட்டா நிக்கும், விழாது. ஆனா ஒரு இரும்பு மூணு ஆக்சலேட் வரை சாப்பிடும். அருமண்ணுக்கு மட்டும் 0.4 கிராம் ஆக்சாலிக் அமிலம் போதும், இரும்புக்கும் சேர்த்தா 4.8 கிராம் வரை ஆகும். இதைத் தவிர்க்கணும்னா காந்தத்தைக் காற்றுல வறுத்து இரும்பை ஆக்சைடாக்கிட்டு, அருமண்ணை மட்டும் நீர்த்த அமிலத்துல கரைக்கறது நல்லது. வறுக்கறப்பவே 320 டிகிரியைத் தாண்டினதும் காந்தத்தன்மையும் போயிடும், அரைக்கறது சுலபம்.

காந்தத்துல புரதத்துக்கு ஒரு வேலை உண்டு: நியோடிமியத்தையும் (லேசானது) டிஸ்ப்ரோசியத்தையும் (கனமானது) பிரிக்கறது. ஹான்ஸ்லெகேலியா பாக்டீரியாவோட லான்மாடுலின் லேசான அருமண்ணோட சேர்ந்தா இரட்டையா இணையும், கனமானதோட அவ்வளவா இணையாது. இதை வச்சு ஒரே கட்டத்துல ரெண்டையும் 98 விழுக்காட்டுக்கு மேல சுத்தமா பிரிச்சதை 2023-ல கொட்ரூவோ குழு காட்டியிருக்காங்க. இரும்பை எடுத்துட்டு, நீர்த்து அதுக்கு அனுப்புங்க.

குழாயில இருந்து இறக்கற திரவத்தையும் கடைசியில ஆக்சலேட்டாத்தான் விழவைப்பீங்க. பிஹெச் 1.5–2, 60 டிகிரி, ரெண்டு மணி நேரம் வச்சு வடிகட்டி, 900 டிகிரில சுட்டா ஆக்சைடு. ஆக்சலேட்டும் லிட்டருக்கு மில்லிகிராம் அளவுல கரையும், அதனால இறக்கற அமிலத்தோட அளவைச் சின்னதா வைங்க. சிட்ரேட்டால இறக்கினா பிஹெச் 1-க்குக் கொண்டு வந்தாத்தான் சிட்ரேட் உலோகத்தை விடும்.

---

மோல்கணக்கு:

ஐசிபி-எம்எஸ்-க்குப் போகும் முன் இரண்டு விஷயம். சாம்பலில் பேரியம் நிறைய. பேரியம் 135-ம் 137-ம் ஆக்சிஜனோடு சேர்ந்து 151, 153 நிறைகளில் வந்து, யூரோப்பியம் இருப்பது போலக் காட்டும். அதேபோல் நியோடிமியம் 143-இன் ஆக்சைடு 159-இல் டெர்பியத்தின் மேலேயே விழும். டெர்பியத்துக்கு வேறு ஐசோடோப்பும் இல்லாததால் தப்ப வழி கிடையாது. வெறும் பேரியம், வெறும் நியோடிமியம் ஸ்டாண்டர்டுகளைத் தனித்தனியே ஓட்டி, ஆக்சைடு எத்தனை விழுக்காடு என்று அன்றன்றே அளந்து கழியுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதுங்கள்: உள்ளே போனது, தெளிநீர், கழுவல், இறக்கியது, பெல்லெட்டை நைட்ரிக் அமிலத்தில் செரித்தது, வடிகட்டித் தாள். கூட்டினால் 90–110 விழுக்காடு வரவேண்டும். முதல் கேள்வியில் இருந்த "காணாமல் போனது" எல்லாம் இந்தக் கடைசி இரண்டு வரிகளில் அகப்பட்டிருக்கும்.

இன்னொன்று, வேலை முடிந்த செல்களைக் கொல்ல பிளீச் ஊற்றாதீர்கள். பெல்லெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மிச்சம் இருந்தால் குளோரின் வாயு வரும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். அதற்குப் பிறகும் அது உலோகக் கழிவுதான், சாக்கடையில் போகக்கூடாது.

---

சாம்பல்நீர்:

சாம்பலில் கால்சியம் ஆக்சைடு அளவை முதலில் அளக்கக் கொடுக்கிறேன். எம்.ஈ.எஸ். கழுவலோடு வெற்றுப் பிளாஸ்மிட் கண்ட்ரோலும் டெர்பியம் ஒளிர்வும் அடுத்த வாரம். லான்மாடுலின் ஜெல்லுக்கு லீச்சேட்டை பிஹெச் 3-இல் ஓரிரவு நிறுத்தும்போது கண்ணாடிக் குடுவை பரவாயில்லையா, அங்கேயும் பாலிபுரோபிலீனா?

---

நான்காம்கை:

பிஹெச் 3-இல் கண்ணாடி அருமண்ணைப் பிடிக்காது, அந்தக் கவலை 6-க்கு மேல்தான். ஆனாலும் பாலிபுரோபிலீனே வையுங்கள். விழும் சிலிக்கா கண்ணாடிச் சுவரில் ஒட்டினால் தேய்த்தாலும் போகாது, அடுத்த ஓட்டத்தில் அதுவே ஜெல் உருவாகக் கருவாக நிற்கும்.